மூணு விசில் நேரம் போதும்!

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போதே பல வீடுகளில் குரல் உயர ஆரம்பித்துவிடும். பரண்மேல் கிடக்கும் பெரிய வாணலியை இறக்கித் தர ஆள் கிடையாது. தைக்கக் கொடுத்த ரவிக்கை வரவில்லை. ஊருக்குப் போட்ட ரயில் டிக்கெட் வெயிட்டிங் லிஸ்ட்டில் தொங்குகிறது. போனஸ் கைக்கு வருவதற்குள் செலவுகள் வரிசை கட்டி நிற்கின்றன. தலை தீபாவளி வீடு என்றால் கேட்கவே வேண்டாம். மாப்பிள்ளைக்கு மோதிரமா, செயினா? சீர்த்தட்டு ஏழா, ஒன்பதா? சம்பந்தி வீட்டில் யார் முகம் சுளிப்பார்கள்? இதற்கெல்லாம் நடுவில் அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கிறது.

பண்டிகை என்றால் சந்தோஷம்தான். ஆனால், அந்தச் சந்தோஷத்தைத் தயாரித்துத் தருகிறவர்கள் என்று ஒரு கூட்டம் இருக்கிறது. வீட்டில் அம்மா, துணிக்கடையில் விற்பனைப் பெண், நெடுஞ்சாலையில் பஸ் டிரைவர், தெருமுனையில் தையல்காரர். ஊரே புதுச்சட்டை போட்டுக்கொண்டு டி.வி. முன்னால் உட்காரும்போது இவர்கள் அடித்துப் போட்டதுபோல் கிடப்பார்கள். இந்தக் கட்டுரை முதலில் அவர்களுக்கு.

‘தியானம் பண்ணுங்க, டென்ஷன் குறையும்’ என்ற அறிவுரையைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அதிகாலை நான்கு மணி, பத்மாசனம், ஊதுபத்தி, சத்தமில்லாத அறை என்றுதான் அந்த அறிவுரை எப்போதும் வந்து சேர்கிறது. பண்டிகை வாரத்தில் நான்கு மணிக்கு எழுகிறவருக்கு மாவு அரைக்கத்தான் நேரம் இருக்கும். அதனால் இங்கே பேசப்போவது ஐந்து நிமிடத் தியானத்தைப் பற்றி. குக்கரில் பருப்பு வைத்துவிட்டு உட்கார்ந்தால், மூணு விசில் வருவதற்குள் முடிந்துவிடும்.

மூச்சு எங்கே போய்த் தொடுகிறது?

அவசரத்தில் நம் மூச்சு மேலோட்டமாகவும் வேகமாகவும் ஓடும். சும்மா இருக்கும்போது பெரியவர்கள் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம். பதற்றத்தில் இது கூடுகிறது. அட்ரினலின் சுரக்கிறது, கார்டிசால் ஏறுகிறது, இதயம் அடித்துக்கொள்கிறது, தோள் காதுவரை தூக்கிக்கொள்கிறது. நாய் துரத்தினால் ஓடித் தப்பிக்க உடம்பு செய்துவைத்திருக்கும் ஏற்பாடு இது. துரத்துவது நாயா, நாத்தனாரின் வாட்ஸ்அப் மெசேஜா என்று பிரித்துப் பார்க்கும் பொறுமை அந்த ஏற்பாட்டுக்குக் கிடையாது.

இதயத் துடிப்பை நாம் நினைத்த மாத்திரத்தில் குறைக்க முடியாது, செரிமானத்தையும் முடியாது. தானாக நடக்கிற இந்த வேலைகளில் நம் கைக்கும் கட்டுப்படுவது மூச்சு மட்டும்தான். மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயம் கொஞ்சம் வேகமெடுக்கிறது. வெளியே விடும்போது வேகஸ் நரம்பின் வழியாக இதயத்துக்குப் போகும் கட்டளை அதை மட்டுப்படுத்துகிறது. ஆகவே, வெளிமூச்சை நீட்டினால் இதயம் நிதானிக்கிற நேரமும் நீள்கிறது. ஐந்து நிமிடத் தியானம் வேலை செய்வதற்கு உடம்பில் இருக்கும் முக்கியமான காரணம் இதுதான்.

இதைத் திருமூலர் வேறு பாஷையில் கணக்குப் போட்டே வைத்திருக்கிறார். திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் பிராணாயாமத்துக்கு அவர் சொல்லும் அளவில், மூச்சை இழுக்க 16 மாத்திரை, நிறுத்த 64, விட 32. உள்மூச்சைப்போல வெளிமூச்சு இரண்டு மடங்கு. நடுவிலிருக்கும் அந்த 64-ஐ மட்டும் பார்த்து மிரள வேண்டாம். அது குருவிடம் உட்கார்ந்து பழகியவர்களுக்கான அளவு. அடுப்படியில் முயற்சி செய்யக்கூடாதது. அந்த ‘இரண்டு மடங்கு’ மட்டும் நமக்குப் போதும்.

அமெரிக்காவில் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் இதய மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன், தியானம் செய்கிறவர்களைப் பரிசோதித்து, 1975-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அதன் சாரம் ரொம்ப எளிது. பிடித்த ஒரு சொல்லை வெளிமூச்சோடு சேர்த்து மனதுக்குள் சொல்லுங்கள். வேறு நினைப்பு வந்தால் ‘அட, போகட்டும்’ என்று விட்டுவிட்டுச் சொல்லுக்குத் திரும்புங்கள். அந்தச் சொல் எந்த மதத்திலிருந்து வேண்டுமானாலும் வரலாம், மதமே இல்லாமலும் இருக்கலாம் என்றார் அவர்.

இத்தாலியில் லூசியானோ பெர்னார்டி குழுவினர் 23 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு, 2001 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. லத்தீன் மொழியில் ஜெபமாலை சொல்லும்போதும், ஒரு பௌத்த மந்திரத்தை உருப்போடும்போதும், மூச்சு தானாகவே நிமிடத்துக்கு ஆறு என்ற அளவுக்கு இறங்கியது. ரத்த அழுத்தத்தைச் சீராக வைத்திருக்கும் அனிச்சைச் செயலும் நன்றாக வேலை செய்தது. வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர் கையில் ஜெபமாலை உருள்வதையும், தொழுகை முடித்த பாட்டையா தஸ்பீஹ் மணிகளைத் தள்ளுவதையும் பார்த்தே வளர்ந்த நமக்கு இதில் பெரிய அதிசயம் இல்லை. உங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு ஜபமோ ஜெபமோ திக்ரோ இருந்தால், புதிதாக ஓர் ஆப்பைத் தரவிறக்கம் செய்ய வேண்டிய அவசியமே இல்லை. அவசர அவசரமாக முணுமுணுத்து முடிக்காமல், மூச்சோடு சேர்த்து நிதானமாகச் சொன்னால் போதும்.

எப்படிச் செய்வது?

உட்காருங்கள். நாற்காலி, மோடா, மாடிப்படி எதுவும் சரிதான். முதுகு நிமிர்ந்திருக்கட்டும், தோள் தளரட்டும். தாடையை இறுக்கிக் கடித்துக்கொண்டிருப்பீர்கள், அதைக் கொஞ்சம் விடுங்கள். கண்ணை மூடலாம்; எண்ணெய்ச் சட்டி பக்கத்தில் இருந்தால் மூடவே கூடாது, தரையில் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூக்கு வழியாக மூன்று எண்ணும்வரை மூச்சை இழுங்கள். ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். நடுவில் நிறுத்த வேண்டாம். ஆறு எட்டவில்லை என்றால் ஐந்து. தம் பிடித்துப் போட்டி போடுகிற விஷயம் இல்லை இது.

நாலாவது மூச்சிலேயே மனசு ஓடிவிடும். கேஸ் புக் பண்ணினோமா? சின்னவனுக்குச் சட்டை அளவு சரியா? ஓடட்டும். ஓடிவிட்டது என்று எப்போது தெரிகிறதோ, அப்போது திரும்ப மூச்சுக்கு வாருங்கள். ‘எனக்கு மனசு நிக்கவே மாட்டேங்குது, எனக்கெல்லாம் தியானம் வராது’ என்று பாதிப் பேர் இங்கேதான் எழுந்துபோகிறார்கள். மனசு ஓடுவதும் நாம் திரும்புவதும் சேர்ந்ததுதான் பயிற்சி. ஐந்து நிமிடத்தில் முப்பது முறை ஓடினால் முப்பது முறை திரும்பியிருக்கிறீர்கள் என்று கணக்கு.

சும்மா உட்காருவது மனிதருக்கு அவ்வளவு லேசான காரியமும் இல்லை. வர்ஜீனியா பல்கலைக்கழக உளவியலாளர் திமோதி வில்சன் 2014-ல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஆட்களைத் தனி அறையில் 15 நிமிடம் சும்மா இருக்கச் சொன்னார்கள். அறையில் ஒரு பொத்தான். அழுத்தினால் லேசாக ஷாக் அடிக்கும். 18 ஆண்களில் 12 பேர் தங்களுக்குத் தாங்களே ஷாக் கொடுத்துக்கொண்டார்கள். பெண்களில் 24-க்கு 6 பேர். நம் கையில் ஷாக் பொத்தானுக்குப் பதில் மொபைல் இருக்கிறது, அவ்வளவுதான்.

உட்காரவே முடியாத அவசரமா? அதற்கும் ஒரு வழி உண்டு. மூக்கு வழியாக ஒரு மூச்சு இழுத்து, அது நிறைந்ததும் மேலே இன்னொரு சின்ன மூச்சு இழுத்து, வாய் வழியாக நீளமாக விடுவது. பெருமூச்சுதான், கொஞ்சம் முறைப்படுத்தியது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் 2023-ல் வெளியிட்ட ஆய்வில், இந்தப் பெருமூச்சு முறை, வேறு இரண்டு மூச்சுப் பயிற்சிகள், மூச்சைக் கவனிக்கும் தியானம் ஆகிய நான்கையும் தினம் ஐந்து நிமிடம் வீதம் ஒரு மாதம் செய்ய வைத்துப் பார்த்தார்கள். நான்கிலும் பதற்றம் குறைந்தது. மனநிலையை அதிகம் தூக்கிவிட்டது பெருமூச்சு முறை. வீட்டில் பெருமூச்சு விட்டால் ‘எதுக்கு இப்ப பெருமூச்சு?’ என்று யாராவது கேட்பார்கள். கேட்டால் ஸ்டான்ஃபோர்டு பெயரைச் சொல்லிக்கொள்ளலாம்.

அதிரசமும் கவனமும்

‘தனியாத் தியானம் எதுக்கு, செய்கிற வேலையையே தியானமாகச் செய்யலாமே’ என்று மேடைகளில் அழகாகச் சொல்வார்கள். அதிரசத்துக்குப் பாகு வைக்கிறவரைப் பார்த்தால் அது உண்மை என்றுகூடத் தோன்றும். வெல்லம் கரைந்து நுரை கட்டும்போது அவர் வேறெங்கும் பார்ப்பதில்லை. கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, விரலால் கூட்டிப் பார்க்கிறார். கரைந்து ஓடினால் இன்னும் ஆகவில்லை. மெத்தென்று உருண்டை பிடித்தால் அடுப்பை அணைத்துவிட்டு, ஈரப்பதம் போகாமல் இடித்துச் சலித்த மாவைப் பாகில் கொட்டிக் கிளற வேண்டும். பதம் முந்தினால் அதிரசம் எண்ணெயில் பிரிந்துபோகும், பிந்தினால் கல்லாகிவிடும். அந்தச் சில நொடிகளில் இருக்கிற கவனம் எந்த ஆசிரமத்துக்கும் குறைந்ததில்லை.

ஆனால், எனக்கு அந்த மேடைப் பேச்சில் உடன்பாடு இல்லை. பாகு பதம் பார்ப்பதில் கவனம் இருக்கிறது, ஓய்வு இல்லை. ‘அம்மாவுக்குச் சமையல்தான் தியானம்’ என்று சொல்லிவிட்டு மற்றவர்கள் சோபாவில் சாய்ந்துகொள்ள வசதியாக இருக்கிறது அந்த வாக்கியம். பண்டிகைச் சமையலில் தியானத்துக்கான இடம் வேலைக்கு இடையில் இருக்கும் காத்திருப்பில்தான் கிடைக்கிறது. அரிசி ஊறும் நேரம், எண்ணெய் வைப்பதற்கு முன்னால் மாவு பிசைந்து மூடிய நேரம், தீபாவளி லேகியம் ஆறும் நேரம். வழக்கமாக அந்த இடைவெளியில் பாத்திரம் தேய்ப்போம், அல்லது ரீல்ஸ் பார்ப்போம். பாத்திரம் ஐந்து நிமிடம் காத்திருக்கும்.

எங்கள் பக்கத்துத் தையல்காரர் ஒருவர் தீபாவளி சீசனில் ராத்திரி ஒரு மணிவரை மெஷினை மிதிப்பவர். ‘ஆர்டர் எடுப்பதில்லை’ என்று அட்டை மாட்டிய பிறகும் ஆட்கள் துணியோடு வந்து நிற்பார்கள். அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. புதுத்துணியை மேசையில் விரித்து, சாக்கட்டியால் கோடு போட்டு முடித்ததும் கத்திரியை எடுக்க மாட்டார். ஸ்டூலில் உட்கார்ந்து, இரண்டு கையையும் துணியின் மேல் வைத்து, சாமி படத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் சும்மா இருப்பார். அதற்குப் பிறகுதான் வெட்டு. பதற்றத்தில் போட்ட வெட்டைத் திரும்ப ஒட்ட முடியாது என்பது அவர் சொல்லும் காரணம். அதற்குத் தியானம் என்று அவர் பெயர் வைக்கவில்லை.

நிற்கிறவர்களுக்கு

தி.நகர் ரங்கநாதன் தெருவின் தீபாவளிக் கூட்டத்தை டிரோனில் எடுத்துக் காட்டும் டி.வி. சேனல்கள், கவுன்ட்டருக்கு உள்ளே நிற்கும் கால்களைக் காட்டுவதில்லை. வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ படம் 2010-ல் அதைக் காட்டியது. 2021-ல் தமிழ்நாடு அரசு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் உட்காருவதற்கு இருக்கை வைத்தே ஆக வேண்டும் என்று கொண்டுவந்தது. கேரளம் 2018-லேயே செய்துவிட்டது. சட்டம் வந்துவிட்டது. சீசன் நாளில் அந்த நாற்காலியில் உட்கார எத்தனை பேருக்கு மனதளவில் தைரியம் வரும் என்பது வேறு கேள்வி. ஐந்து நிமிடத் தியானத்துக்கு முதல் நிபந்தனையே உட்கார ஓர் இடம் என்பதைக் கடை முதலாளிகள் கொஞ்சம் யோசிக்கலாம். உட்கார வழியில்லாத இடத்தில், நின்றபடியே இரண்டு பாதமும் தரையில் அழுந்துவதைக் கவனித்துப் பத்து மூச்சு விடலாம். எதிரில் இருக்கும் வாடிக்கையாளருக்குத் தெரியக்கூடத் தெரியாது.

சாலைக்கு வருவோம். 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பஸ் முனையம் திறந்த பிறகும், பண்டிகைக்கு முந்தின இரவில் ஜி.எஸ்.டி. சாலை நகருவதாக இல்லை. ரயிலுக்கு 60 நாளுக்கு முன்பே முன்பதிவு தொடங்குகிறது; காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தவர்களுக்கே கிடைப்பதில்லை. மிச்சமெல்லாம் பஸ்ஸில், காரில், ஒருவர் பின் ஒருவர். அந்த நெரிசல் வழக்கமாக இறுகும் கூடுவாஞ்சேரியில்தான் 1911-ல் ஒரு நெசவாளர் குடும்பத்தில் வேதாத்திரி மகரிஷி பிறந்தார். சம்சாரிகளுக்கான தியானம் என்று ‘மனவளக்கலை’யைச் சொல்லிக்கொடுத்து, பிற்காலத்தில் ஆழியாறில் அறிவுத்திருக்கோயிலை எழுப்பியவர். காரில் அவர் ஊரில் மாட்டிக்கொண்டு ஹாரனை அழுத்தும்போது இது நினைவுக்கு வந்தால் நல்லது. ஒரு நிபந்தனை: வண்டி ஓட்டுகிறவர் ஓட்டும்போது கண்ணை மூடித் தியானம் செய்யக்கூடாது. நெரிசலில் நின்றிருக்கும்போது வெளிமூச்சை நீட்டிக்கொள்ளலாம். பக்கத்து சீட்டுக்காரர் தாராளமாகக் கண்ணை மூடட்டும்.

தியானத்தால் ஆகாதது

தியானத்தை விற்கிறவர்கள் சொல்லாத பக்கம் ஒன்று உண்டு. 2014-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 47 ஆய்வுகளை, 3,515 பேரின் விவரங்களை, ஒன்றாக வைத்து அலசினார்கள். கவலை, மனச்சோர்வு, வலி ஆகியவற்றில் தியானத்துக்கு ஓரளவு பலன் தெரிந்தது. ஆனால், உடற்பயிற்சியைவிடவோ மருந்தைவிடவோ அது உயர்ந்தது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. 2022-ல் வந்த வேறொரு ஆய்வில், பதற்ற நோய் உள்ளவர்களுக்கு எட்டு வாரத் தியானப் பயிற்சி, எஸ்சிட்டாலோப்ராம் என்ற வழக்கமான மாத்திரைக்குச் சமமாக நின்றது. அது தினமும் முக்கால் மணி நேரம் வீட்டுப் பயிற்சியோடு சேர்ந்த முழு வகுப்பு. நம் மூணு விசில் தியானத்துக்கு அந்தப் பெருமையைச் சூட்ட முடியாது. கத்தவிருந்த வாயைக் கத்தாமல் நிறுத்த, இரவு படுத்ததும் தூக்கம் வர, அது உதவும். அதற்கு அவ்வளவுதான் வேலை.

கடன் வாங்கிச் செய்த சீருக்கு மூச்சுப் பயிற்சி பதில் ஆகாது. அந்த வருஷம் வீட்டில் ஒரு சாவு விழுந்து, பண்டிகை இல்லை என்று இருக்கிற வீட்டில், கண்ணை மூடி உட்காருவது சிலருக்கு ஆறுதல். சிலருக்குத் துக்கத்தை இன்னும் கிளறிவிடும். கிளறினால் எழுந்துவிடுங்கள். பக்கத்து வீட்டுக்குப் போய்ப் பேசுவதும், கோயில் பிரகாரத்தைச் சுற்றி நடப்பதும் அன்றைக்கு மேலான மருந்து. பிள்ளைகள் கலிஃபோர்னியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்க, வீடியோ காலுக்காக விடிகாலையிலேயே குளித்துக் காத்திருக்கும் பெற்றோருக்கும் இதே யோசனைதான். தலை சுற்றினால் மூச்சுப் பயிற்சியை நிறுத்துங்கள். இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் மூச்சை அடக்கும் பயிற்சிகள் பக்கம் போக வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, உயிரோடு இருந்து என்ன என்ற எண்ணம் வருகிறது என்றால், அதைப் பண்டிகை டென்ஷன் என்று ஒதுக்கக்கூடாது. மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-க்கு எந்த நேரமும் அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

கடைசியாக, அந்த ஐந்து நிமிடத்தை யார் தருவது என்ற கேள்வி. மத்திய அரசின் 2024-ம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்குச் செலவிடுவது நாளொன்றுக்கு சராசரியாக 289 நிமிடம். ஆண்கள் 88 நிமிடம். இது சாதாரண நாள் கணக்கு, தீபாவளிக் கணக்கு இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாலும், ‘அம்மா, என் டவல் எங்கே?’ என்று குரல் வரும் வீட்டில் எந்த மகரிஷியின் முறையும் செல்லுபடியாகாது. தியானம் கற்றுக்கொள்ள வேண்டியவர் ஒருவர் என்றால், டவலைத் தானே தேடக் கற்றுக்கொள்ள வேண்டியவர்கள் வீட்டில் மூன்று பேர் இருக்கிறார்கள்.

எனவே, இதை வாசிக்கிற அப்பாக்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். இந்தத் தீபாவளிக்குக் கூடுதலாக ஒரு பட்டுப்புடவை வேண்டாம், தியான ஆப்புக்குச் சந்தாவும் வேண்டாம். நேராக அடுப்படிக்குப் போய்க் கரண்டியை வாங்கிக்கொண்டு, அவரை மாடிக்கு அனுப்பிவிடுங்கள். அதிரசத்தை எப்போது திருப்பிப் போட வேண்டும் என்று மட்டும் முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடத்துக்குள் மேலே போய்க் கேட்கக்கூடாது.